கழுவாமல் கொண்டுவந்த பாட்டில்

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசலில் பாண்டீஸ்வரியை ஏமாற்றிவிட்டு உள்ளே போனவர் யாரும் கிடையாது. காரைக்குடிப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பதினோரு வருடமாக அவர் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அமராவதிபுதூரிலிருந்து காலை ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாதவர் டாக்டரே ஆனாலும் சரி, மகனைப் பார்க்கத் துடிக்கும் தகப்பனே ஆனாலும் சரி, வாளியைக் குறுக்கே வைத்து நின்றுவிடுவார். வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாய்தான் உள்ளே இருந்த பிள்ளைகளுக்குக் காவல்.

எதையும் வீணாக்காதவர் என்ற பேரும் அவருக்கு உண்டு. சுவரில் மாட்டிய சோப்புப் பாட்டில் பாதி காலியானதும், மிச்சத்தின் மேலேயே புதிதை ஊற்றி நிரப்பிவிடுவார். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரே அதை மெச்சியிருக்கிறார்.

அந்த ஆவணியில் பத்து நாளுக்குள் மூன்று குழந்தைகள் சுருண்டன. கொத்தமங்கலத்து சத்தியப்பிரியாவின் மகன் அதில் ஒருவன். எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன், ஒன்றேகால் கிலோ. பால் குடிப்பதை நிறுத்தினான், உடம்பு சில்லிட்டது, மூச்சு இரைத்தது. ரத்தப் பரிசோதனையில் கிளெப்சியெல்லா என்ற கிருமி என்று வந்தது. அதிலும் படுபொல்லாத வகை. வழக்கமான மருந்து எதற்கும் அது அசையவில்லை. மிச்சமிருந்தது, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய பழைய மருந்து ஒன்றுதான். டாக்டர் கிருத்திகா வேறு வழியில்லாமல் அதை ஏற்றினார். கிருமி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காதவரை மற்ற தொட்டில்களுக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டார்.

குழாய், தொட்டி, தொட்டில் என்று எல்லாவற்றையும் பஞ்சால் தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சோப்பையும் அனுப்பினார்கள், ஆனால் ஸ்டோர் அறையில் அப்போதுதான் திறந்த கேனிலிருந்து எடுத்து. எதிலும் கிருமி இல்லை என்று பதில் வந்தது.

அன்று மத்தியானம் பாண்டீஸ்வரி வழக்கம்போல நிரப்புவதற்காகப் பாட்டிலைக் கழற்றினார். கேனைத்தானே பார்த்தார்கள், இதைப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் கொழகொழவென்று ஏதோ படிந்திருந்தது. கழுவு, கழுவு என்று வந்தவர்களையெல்லாம் விரட்டியது இதைக்கொண்டா?

பக்கத்திலேயே குழாய். ஒரு நிமிடம் அலசிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஒப்பந்த வேலை, போனால் போனதுதான். பாலிடெக்னிக் படிக்கும் மகளின் நினைப்பு வேறு வந்தது. குழாய்ப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு மூடியை இறுக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.

"டாக்டரம்மா, இதைக் கழுவாம அப்படியே கொண்டாந்திருக்கேன். இதை மாட்டுன மூணு மாசமாப் பழசு மேலயே புதுசை ஊத்துனது நான்தேன். அனுப்பிப் பாருங்க."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அதே கிருமி. மேற்பார்வையாளர் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கிருத்திகா மறித்தார். இந்தம்மா வாயைத் திறக்காவிட்டால் நாம் இன்னும் சுவரைத்தான் தேய்த்துக்கொண்டிருப்போம், இப்படி ஊற்றக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். அடையாள அட்டை பாண்டீஸ்வரியின் கழுத்திலேயே இருந்தது. அன்று முதல் பாட்டிலைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, தேதி எழுதித்தான் நிரப்பினார்கள். நான்காவதாக எந்தக் குழந்தையும் படுக்கவில்லை.

சத்தியப்பிரியாவிடமும் பாண்டீஸ்வரியே போய்ச் சொன்னார். அந்தப் பெண் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் என்ன தப்பு?

மூன்று பிள்ளைகளும் பிழைத்தன. கடைசியாக வீட்டுக்குப் புறப்பட்டவன் சத்தியப்பிரியாவின் மகன். அவள் பிள்ளையோடு நேரே பாண்டீஸ்வரியிடம் வந்து, சின்னக் கிண்ணத்தில் சீனித் தண்ணீரை நீட்டினாள். நல்ல மனிதர் ஒருவர் பிள்ளையின் நாக்கில் சேனை என்று இப்படி இனிப்பைத் தொட்டு வைத்தால் அவர் குணமே பிள்ளைக்கும் வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வாத்தியார், பெரிய வீட்டுக்காரர் என்று தேடிப்பிடித்து வைக்கச் சொல்வார்கள். துடைப்பம் பிடித்த கையை யாரும் கேட்டதில்லை.

"நீங்கதேன் வைக்கணும்க்கா. செஞ்ச தப்பை வாயால சொல்ற குணம் இவனுக்கும் வரட்டும்."

பாண்டீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைவிடப் பெரிய மரியாதை அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. விரல் கிண்ணம் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர இவன் நாக்குல ஒண்ணும் படக்கூடாது தாயி" என்றார். கிண்ணத்தை வாங்கி, சீனித் தண்ணீரை ஒரே மடக்கில் தானே குடித்தார்.