விமானத்தின் ஆர்.சி. புக்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மறதியும் வந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, பெங்களூரில் ஒரு விமான மைதானத்தில் ஷெட் கூட்டும் வேலை பார்த்தேன். அங்கே ஒரு முதலாளியின் சொந்த விமானம் நின்றது. மூக்கில் ஒரே ஒரு விசிறி. அதைச் சுழற்றுவது ஜெட் மாதிரியான இன்ஜின், டர்போபிராப் என்று பெயர் என்பார் அதைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர். வெளிநாட்டில் இரண்டு பேர் கைமாறி வந்ததாம். பழைய எழுத்துகளைச் சுரண்டிவிட்டு, வி.டி. என்று தொடங்கும் நம் நாட்டு எழுத்துகளை அப்போதுதான் எழுதியிருந்தார்கள். அதன் பதிவுப் பத்திரமும் பழைய காகிதங்களும் ஷெட் பீரோவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கவரில் இருந்தன. "இதுதாம்மா இதோட ஆர்.சி. புக்கு" என்று இன்ஜினியர் ஒருநாள் காட்டினார்.

ஆயுத பூஜை அன்று காலையில், "விமானத்துக்கும் பொட்டு வெச்சுடுங்க" என்று சொல்லி, துடைப்பதற்காக பீரோ சாவியையும் தந்துவிட்டு இன்ஜினியர் வெளியே போனார். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுபவர். வருஷா வருஷம் ஆட்டோவோடு அதன் ஆர்.சி. புக்கையும் சாமி முன்னால் வைப்போம். மறுநாள்வரை தொடமாட்டோம். அதே நினைப்பில் நீலக் கவருக்கும் பொட்டு வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, ஷெட்டில் பூஜைக்கு வைத்திருந்த சரஸ்வதி படத்துக்குப் பின்னால் வைத்தேன். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

விமானத்தின் காகிதங்களைச் சரிபார்க்கப் பண்டிகை கழித்து வரவேண்டிய அரசாங்க அதிகாரி, முதலாளியோடு அன்று மதியமே வந்துவிட்டார். திரும்பி வந்திருந்த இன்ஜினியர் பீரோவைத் திறந்தார்; கவர் இல்லை.

"நேத்து நான்தான் சார் உள்ள வெச்சேன்" என்றார் இன்ஜினியர்.

"அப்போ றெக்கை மொளச்சுப் பறந்துடுச்சா? விமானம் பொறந்ததுலேர்ந்து எல்லாக் கணக்கும் அதுலதான்யா இருக்கு! கெடைக்கலேன்னா நாளையிலேர்ந்து நீ வரவேணாம்" என்று முதலாளி கத்தினார்.

இன்ஜினியர் தலைகுனிந்து நின்றார். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். பெரிய மனிதர்கள் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

"சார்... ஆர்.சி. புக்கு சாமிகிட்ட இருக்குது. நான்தான் வெச்சேன்."

"எந்தச் சாமிகிட்டம்மா?" முதலாளி என்னையே பார்த்தார்.

அழுதுகொண்டே ஆட்டோ கதையைச் சொன்னேன். அதிகாரி கன்னடக்காரர்; தமிழ் தெரிந்தவர். குபீரென்று சிரித்துவிட்டார். "அளபேடம்மா, அழாதீங்க. எங்க மனேல, வீட்டுலயும் ஸ்கூட்டர் ஆர்.சி.ய அப்படித்தான் வெப்பாங்க" என்றவர், ஷூவைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுக் கவரை அவரே எடுத்தார். கவரின் பிளாஸ்டிக்மேல்தான் குங்குமம். உள்ளே ஒரு காகிதத்திலும் கறை இல்லை.

"அடுத்த வருஷம் என்னையும் சாமிகிட்ட வெச்சுடாதீங்கம்மா" என்றார் முதலாளி. இன்ஜினியர் அப்போதுதான் மூச்சு விட்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

இன்னும் நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம்தான். ஆனால் என் தப்புக்கு இன்னொருவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க, அன்றோடு மறந்துவிட்டது. விமானத்தைப் பற்றி எழுதியதை மட்டும் விவரம் தெரிந்த யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.