இல்லாத பசுவுக்கு ரொட்டி

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் இராஜமாணிக்கத்துக்கு டில்லி ஆர்.கே.புரத்தில் தரைத்தளக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கிடைத்து என்ன? மனைவி ராஜாத்தி விழுப்புரத்தில் டீச்சர். வேலையை விட்டு வர அவளுக்கு மனமில்லை. விடச் சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை. மே மாத லீவில் மட்டும் வருவாள்.

அவள் வரும்போது பூத்திருக்கட்டும் என்று பின்பக்கம் இரண்டு தொட்டிகளில் மல்லிகை வைத்தார். குளிர் விட்டும் செடி துளிர்க்கவில்லை. காய்கறித் தோலை ஊறவைத்து ஊற்றினால் தேறும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒற்றை ஆள் சமையலில் என்ன மிஞ்சும்? கொஞ்சம் வெங்காயத் தோல், கொஞ்சம் உருளைக்கிழங்குத் தோல். வாளியின் அடிகூட மறையவில்லை.

ஒருநாள் அந்த வாளியோடு மாடி வீட்டு மல்ஹோத்ரா அம்மாளிடம் போனார். உள்ளே கிடந்த தோலைக் காட்டி, "தோடா... தோடா" என்று கொஞ்சம் கேட்டார். அதற்கு மேல் இந்தி வரவில்லை.

"காய் கே லியே?" என்று கேட்டாள் அவள்.

இந்தியில் காய் என்றால் பசு. பசுவுக்கா என்று அவள் கேட்டது, காய்கறியைச் சொல்வதாக இவர் காதில் விழுந்தது. "காய், காய்" என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பட்டாணித் தோலும் வாழைப்பழத் தோலும் காலிஃபிளவர்த் தண்டுமாக ஒரு கூடை வந்தது. மேலே காகிதத்தில் மடித்து, வெல்லம் வைத்த இரண்டு ரொட்டி. இராஜமாணிக்கம் வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தனி ஆள் என்று தெரிந்து அனுப்பியிருக்கிறாள். இந்த ஊரில் அவர் சாப்பிட்டாரா என்று நினைத்த முதல் ஆள் அவள்தான்.

தினமும் தோல் வந்தது, ரொட்டியும் வந்தது. தோலை நறுக்கி, அரிசி கழுவிய நீரும் புளித்த மோரும் ஊற்றி மூடிவைத்தார். நுரை கட்டிப் புளித்த வாடை வந்ததும் வடிகட்டி, நிறையத் தண்ணீர் கலந்து செடிக்கு விட்டார். ரொட்டியை டிபன் டப்பாவில் ஆபீஸுக்குக் கொண்டுபோனார். பங்குனியில் மல்லிகை துளிர்த்தது.

ஒரு அமாவாசையன்று மல்ஹோத்ரா அம்மாளே தட்டில் ரொட்டியோடு இறங்கி வந்தாள். "காய் கஹான் ஹை?", பசு எங்கே என்று கேட்டு, இவர் விழிப்பதைப் பார்த்து, தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டினாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஊறல் வாளியையும் செடியையும் காட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "ரொட்டி?" என்றாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் சிரிப்பு நின்றது.

அடுத்த நாள் மூடிய தட்டில் சூடான ரொட்டியும் கூட்டும் வந்தன. இம்முறை அவருக்கென்றே வந்தவை. இருந்தும் முன்னைப்போல் ருசிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் தொட்டி கொள்ளாமல் பூத்தது. தபாலாபீசிலிருந்து ராஜாத்தியின் பள்ளிக்கூடத்துக்கு டிரங்க் கால் போட்டார்.

"இந்த வருஷம் வர தோதுப்படாதுங்க. பேப்பர் திருத்தணும், தம்பிக்கு வேற பொண்ணு பாக்கறாங்க" என்றாள்.

"சரி."

"உடம்பு நல்லாருக்கில்ல?"

"நல்லாருக்கேன்."

பூத்ததைச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பூவையெல்லாம் பறித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பக்கத்து முருகன் கோவிலான மலை மந்திருக்குப் போனார். குருக்கள் வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார்.

"ராஜாத்தி" என்றார் இராஜமாணிக்கம். பிறகு இருட்டும்வரை படியில் உட்கார்ந்திருந்தார்.