கேபிள் ட்ரேயில் போன உயிரை மாதா திருப்பித் தந்தாள்

மாதாவின் பிள்ளைகளே, எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நான் எலக்ட்ரீசியன். என் தங்கச்சி புருஷன் ரொசாரியோவும் அங்கேதான் வேலை. போன வருஷம், திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம். ஏணியில் ஏறியவன், கேபிள்களைத் தாங்கிப் போகும் இரும்பு ட்ரேயைப் பிடித்தான். பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. சத்தம்கூட வரவில்லை.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பொத்தென்று விழுந்தான். மூச்சில்லை. நாடியும் இல்லை.

எங்கள் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் வருஷாவருஷம் ட்ரேக்குப் பெயிண்ட் அடிப்போம். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. ஆகவே ஒரு ட்ரேயையும் அடுத்ததையும் செம்புப் பட்டையால் இணைத்து எர்த் கொடுத்திருப்போம். எங்காவது கேபிள் கசிந்தால் கரண்ட் அந்த வழியே பாய்ந்து, பிரேக்கர் விழுந்து லைன் அணைந்துவிடும். அந்தத் தடவை பெயிண்ட் அடிக்கக் கழற்றிய பட்டைகளைத் திரும்ப மாட்டாமலே லைனில் கரண்ட் விட்டிருக்கிறார்கள். கேபிள் ஒன்று கசிந்து, பளபளவென்று இருந்த ட்ரேயில், பெயிண்ட் படாத விளிம்பில் எமன் உட்கார்ந்திருந்தான்.

"அவ்வளவுதாம்லே, போயிட்டான்" என்று போர்மேன் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குத் தங்கச்சியின் தாலிதான் கண்முன் வந்தது. அவள் நிறைமாசம். எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பேன்?

முதலுதவி வகுப்பில், எண்ணிக்கொண்டே நெஞ்சை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் ஒன்றுக்குப் பிறகு இரண்டு வரவில்லை. வாயில் வந்தது ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அமுக்கினேன். எங்கள் வீட்டு ஜெபமாலை வேகம் உங்களுக்குத் தெரியும், முத்துநகர் எக்ஸ்பிரஸ் தோற்றுவிடும். அந்த வேகம்தான் அன்றைக்குக் கைக்கு வேண்டியிருந்தது. அழுதேன். அமுக்கினேன். "அம்மா, இவனக் குடுத்துரு" என்று கெஞ்சினேன்.

விலா ஒன்று முறிந்த சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அவன் இருமினான்.

"மச்சான்... நெஞ்ச விடும்... வலிக்கி."

அப்படியே அவன்மேல் விழுந்து கதறினேன். பாவம், அந்த விலாவின் மேலேயே விழுந்துவிட்டேன்.

தங்கச்சிக்குப் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தகப்பன். இப்போது எங்கள் பிளாண்டில் ஒவ்வொரு பட்டையையும் மாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் லைன் விடுவோம். மீட்டரும் பார்ப்பேன், சிலுவையும் போட்டுக்கொள்வேன். இரண்டில் ஒன்றையும் விடுவதில்லை.

அன்பானவர்களே, நம்புங்கள். உங்கள் கண் முன்னால் ஒருத்தர் மூச்சில்லாமல் கிடந்தால், போய்விட்டான் என்று ஊர் சொல்லும். நீங்கள் சொல்லாதீர்கள். மாதாவைக் கூப்பிடுங்கள். அவள் வந்து சேரும்வரை கையை எடுக்காதீர்கள்.