கீரிப்பிள்ளை

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி மாதம், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் அந்த அம்மாளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். பச்சைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. எதிரே இருந்த என் மகளுக்கு வறுத்த கடலையைத் தோல் நீக்கி, ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

தண்டவாளத்தின் ஓரமாக ஒரு கீரி ஓடியது. "அப்பா, கீரியை மட்டும் ஏன் பிள்ளைன்னு சொல்லுதோம்?" என்று கேட்டாள் மகள்.

கேட்க ஆள் இருக்கிற உற்சாகத்தில் நான் குரலை உயர்த்தினேன். "பிள்ளைன்னா குட்டின்னு அர்த்தம். அணில்பிள்ளை, கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளைன்னு சொல்லுதோம்லா? கீரி பெருசான பிறகும் அந்தப் பேரு ஒட்டிக்கிட்டுது." பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, "உங்க பிள்ளைகளும் இப்படித்தான் கேள்வி கேட்டுத் துளைச்செடுக்குமோ?" என்றேன்.

"எனக்குப் பிள்ளை இல்ல, அண்ணாச்சி. அதுக்குத்தான் வருசந்தோறும் சஷ்டிக்கு வாரேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க தெரிஞ்சா கேட்டிய? விடுங்க" என்றவர், என் மகளிடம், "உங்க அப்பாவுக்கு எவ்வளவு விசயம் தெரிஞ்சிருக்கு, பாத்தியா?" என்றார்.

அதில் கேலி துளியும் இல்லை. அதுதான் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.