முதுகுக்கு எழுதிய வசனம்

ஒலியை அறவே அடக்கிவிட்டு, திரையில் அசையும் உதடுகளோடு தம் உதடுகளையும் அசைத்துக்கொண்டிருக்கிறார். பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுபவர்; ஒலிப்பதிவுக் கூடத்தில் அனைவருக்கும் அக்கா. திரையில் வாய் மூடினால் இவருடைய வரியும் உதடு ஒட்டும் மகரத்திலோ பகரத்திலோ மூடும்.

நடிகர் முதுகைக் காட்டிவிட்டால் அக்காவுக்குக் கொண்டாட்டம். "வாய் தெரியலைன்னா நம்ம ராஜ்ஜியம்தான்!" பழைய அகப்பாடல்களில் தலைவி சொல்லாததைத் தோழி எடுத்துரைப்பதுபோல, பேசாத காட்சிகளுக்கெல்லாம் பேச்சு ஈந்தவர்.

வீட்டிலும் அதே தொழில். கணவர் பூட்டுப் பழுதுபார்ப்பவர். சொல்லையும் சாவியைப்போல் இடுப்பில் முடிந்துவைத்திருப்பவர். அவரை யார் எது கேட்டாலும் அக்காவே முந்திக்கொள்வார். தொலைவில் ஒரு நகரத்தில் வேலை கிடைத்து, தந்தையின் சம்மதத்துக்குக் காத்திருந்த மகளிடமும், "அப்பாவுக்கு இஷ்டமில்லைடி" என்று தீர்ப்புரைத்துவிட்டார்.

மகள் சீறினாள். "அப்பா வாயால சொன்னாரா? இல்ல, அவருக்கும் நீதான் டப்பிங்கா?"

மறுநாள் வந்தது ஒரு கௌபாய் படம். அதிகம் பேசாத துப்பாக்கிக்காரன் ஒருவன். தான் வளர்த்த பெண் வண்டியேறிப் போகையில், திரும்பியும் பாராமல் குதிரைக்குச் சேணம் பூட்டுகிறான்.

"முதுகுதானே அக்கா? 'போகாதே மகளே'ன்னு ஒண்ணு போடுங்க. இல்லாட்டி கல்நெஞ்சக்காரன்னு ஜனங்க நினைச்சுக்கும்," என்றார் கூடத்தின் மேலாளர்.

அக்கா அக்காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். இறுக்கி முடித்த சேணத்து வாரையே அவன் அவிழ்த்து, மறுபடியும் இறுக்குவதைக் கண்டார்.

"தடுக்கிறானா, வாழ்த்துறானா, எனக்குத் தெரியலைங்க."

"உங்களுக்கா? ஊர்ப்பட்ட முதுகுக்கெல்லாம் எழுதினவங்களாச்சே!"

"இத்தனை நாளும் தெரிஞ்ச மாதிரியே எழுதிட்டேன். இவன் பேச வேணாம், விட்டுடுங்க."

அன்று மாலை கணவர் மேசைமேல் குனிந்து ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார். மகள் அருகே சென்றாள்.

"நான் போகட்டுமாப்பா?"

அரம் நின்றது. அக்காவின் நாவில் வழக்கம்போல் ஒரு வரி எழுந்தது. உதடு பிரியுமுன் உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.

குனிந்த தலை நிமிராமலே கணவர் கேட்டார்: "எப்பம்மா திரும்பி வருவே?"

அக்கா கையை எடுக்கவில்லை.