முறிந்த முகம் பார்ப்பவர்

“ரெண்டையும் ஒட்டவச்சுப் பாக்காதீங்க, உடஞ்ச முகம் கெட்டுடும்!” என்று கத்திக்கொண்டே பேராசிரியர் துரைராசு ஸ்கூட்டரை ஓரங்கட்டுகிறார். பெடல் முறிந்த சைக்கிளோடு நிற்கிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. துரைராசு சட்டைப்பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்து, தெருவிலேயே குந்தி உட்கார்ந்து, முறிந்த இரும்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“இது இன்னிக்கு உடஞ்சதில்லைங்க. பல மாசமா உடஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.”

“சரி பண்ணிடலாங்களா சார்?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

தஞ்சாவூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பேராசிரியர் அவர். உலோகங்கள் ஏன் களைத்துப்போய் முறிகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. குடவாசல் பக்கத்தில் நெல் விவசாயம் பார்க்கும் சித்தப்பா உலகநாதன் ஒருமுறை, “உடையறதுக்கு எதுக்குடா படிப்பு? அது தானா உடையுமே” என்று கேட்டார். முதல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, “இன்னும் அவருக்குப் பதில் சொல்லலை. நீங்க யாராவது சொல்லுங்க” என்பார்.

அவர் ஆய்வகத்தின் வாசலில் ‘ஃபெயிலியர் அனாலிசிஸ் லேப்’ என்று பலகை தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திருப்பனந்தாளிலிருந்து ஒரு தகப்பனார், மகனுக்கு அரியர் விழுந்துவிட்டது, இங்கேதானே பார்க்க வேண்டும் என்று வந்து நின்றார். துரைராசு அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். “சரியான எடத்துக்குத்தாங்க வந்திருக்கீங்க. எனக்கே ரெண்டு தடவை புரமோஷன் ஃபெயிலு” என்றார். வந்தவர் மனம் லேசாகிப் போனார்.

புரமோஷன் தள்ளிப்போனதற்குக் காரணம் அவருடைய கட்டுரைகள். அவற்றை அதிகம் மேற்கோள் காட்டியிருப்பவர் அவரேதான். எந்தக் கட்டுரையின் முடிவும் ‘இருக்கலாம்’ என்றே முடியும். வெல்டிங் காரணமாக இருக்கலாம், துரு காரணமாக இருக்கலாம். சக ஆசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் ‘இருக்கலாம் சார்’ என்று கூப்பிடுவது அவருக்குத் தெரியும். வீட்டில் மிக்ஸி ஜாரின் கைப்பிடி போனபோது மனைவி ஷோபனாவுக்கு அது போன விதத்தைப் படம் போட்டு விளக்கினார். ஷோபனா முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்ப் புது ஜார் வாங்கி வந்தார்.

போன ஐப்பசியில், தெருவில் மீன் விற்க வரும் ஈஸ்வரி, அன்னக்கூடையை இறக்கி, மீனுக்கடியில் சாக்கில் சுற்றியிருந்த இரும்புத் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவள் தம்பி மருதையன் விசைப்படகு டிரைவர். நடுக்கடலில் படகின் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் முறிந்து, அலையில் தத்தளித்து, இன்னொரு படகு கட்டி இழுத்து வந்து கரைசேர்த்திருக்கிறது. மணல்திட்டில் ஏற்றி முறித்துவிட்டான் என்று படகுக்காரர் ராஜசேகர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு வேறு யாரும் அவனைப் படகேற்றவில்லை.

“நீங்க ஒடஞ்சதைப் பாத்துச் சொல்லுவீங்களாமே. பாத்துச் சொல்லுங்க சார். தம்பி வெளிய வரவே மாட்டேங்குது.”

லென்ஸில் பார்த்ததும் துரைராசுவுக்குச் சந்தோஷம் பொங்கியது. இவ்வளவு அழகான முறிவு வெகுநாளாகக் கிடைக்கவில்லை. ஒருத்தன் பிழைப்பு போயிருக்கிறது, நமக்கு அழகு தெரிகிறது என்று அடுத்த நிமிடமே தன்னைத்தானே கடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனார். ஏலக்கொட்டகையில் படகுக்காரர்கள் கூடியிருந்தார்கள். மருதையன் கடைசியில், அக்காள் ஈஸ்வரியின் பக்கத்தில், தூணை ஒட்டி நின்றான். துரைராசு வழக்கம்போல அணுவிலிருந்து ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கொட்டாவி விட்டது. வகுப்பில் பழகியதுதான், அவர் பேச்சை நிறுத்திவிட்டு இரும்பையே கைக்குக் கை சுற்றவிட்டார்.

“அலை வந்துட்டுப் போன கோடு மாதிரில இருக்கு” என்றார் ஒருவர்.

“அதேதாங்க! வெளிநாட்டுக்காரனும் இதைக் கடற்கரைக் கோடுன்னுதான் சொல்றான். பழைய வெல்டிங் வச்ச இடத்துல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. கோடு இருக்கிற இடமெல்லாம் துரு. ஓரத்துல நகக்கண்ணு அளவு மட்டுந்தான் புதுசா உடஞ்சது.”

ராஜசேகர் எழுந்தார். “வெல்டிங் நான் வச்சதுதான். அதை விடுங்க. இவன் மணல்ல ஏத்துனதால உடஞ்சுச்சா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க சார்.”

துரைராசுவின் நாக்கில் ‘இருக்கலாம்’ என்ற அந்தப் பழைய சொல் வந்து உட்கார்ந்தது. அதைச் சொன்னால் யாரும் அவரைத் தப்பு சொல்ல முடியாது. மருதையனும் தூணோடு தூணாக அங்கேயே நின்றிருப்பான்.

“இல்ல” என்றார்.



“மணல்ல ஏத்தியே இருந்தாலும் நல்ல ஷாஃப்ட் இப்படி உடையாதுங்க. இவர் படகெடுத்த அன்னிக்கு அதுல உசுரே இல்ல. இவர் மேல தப்பு இல்ல.”

ராஜசேகர் இரும்பை வாங்கி, கோடுகள் மேல் கட்டைவிரலால் தடவினார். பிறகு மருதையனைப் பார்க்காமலே, “வேற ஷாஃப்ட் மாட்டுனதும் வந்து படகை எடுடா” என்றார். ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

யாரோ பேராசிரியருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். “சீனி சரியா இருக்கா சார்?” என்று கேட்டதற்கு, “இருக்கலாம்” என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. தன்பாட்டில் சிரித்துக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.