இறால் குளத்தில் பிழைத்த கணக்கு

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது, ஓர் ஒக்டோபர் விடுமுறையில் இது நடந்தது. புத்தளம் களப்பு என்ற உப்பேரியின் ஓரம், கற்பிட்டி வீதிக்குச் சற்று உள்ளே, என் நானாவுக்கு ஓர் இறால் குளம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம். கட்டாரில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு வந்து அவர் வெட்டிய குளம் அது.

வகையீட்டுச் சமன்பாடுகள் என்ற கணிதப் பாடத்தில் நான் ஃபெயில். இரண்டு மாதத்தில் மறுபடி எழுத வேண்டும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. குளத்துக் காவல் கொட்டிலில் இருந்து படிப்பேன். வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால்தான் கை நின்றுவிடும்.

அந்த வருடம் மழை பிந்தியதால் குளத்தில் உப்பு ஏறி, இறால் தீன் தின்பதைக் குறைத்துவிட்டது. உப்பு பார்க்கும் கருவி நாற்பத்து நான்கு காட்டியது. முப்பதுக்கு இறங்க வேண்டும். கடைசியில் எலுவன்குளம் பக்கம் மழை பெய்து, எங்கள் ஓடையிலும் உப்பில்லாத நல்ல தண்ணீர் வந்தது. அதை இரண்டு பம்பால் குளத்துக்கு இறைத்தால், கூடுகிற தண்ணீர் மதகின் மேற்பலகையால் வழிந்து களப்புக்குப் போகும். எவ்வளவு நேரம் இறைக்க வேண்டும் என்பதுதான் நானாவின் கேள்வி.

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. தாங்கியில் உப்புக் கரைசல், உள்ளே நல்ல தண்ணீர், வெளியே கரைசல். பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே கணக்கு! பத்து நிமிடத்தில் ஒன்பது மணித்தியாலம் என்று சொன்னேன். இரண்டு பம்பும், தண்ணீரை அடித்துக் கலக்கும் சக்கரங்களும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடும். சக்கரத்தை நிறுத்தலாமா என்று நானா கேட்டார். என் சமன்பாட்டில் சக்கரம் எங்கேயும் இல்லை. நிறுத்தலாம் என்றேன்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். ஒன்பது மணிக்குக் கரையில் நின்று தண்ணீர் அள்ளிப் பார்த்தேன். என் கணக்குப்படி முப்பத்தொன்பது இருக்க வேண்டும். கருவி முப்பத்து மூன்று காட்டியது. கணக்கைவிட வேகமாக இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஏன் வேகம் என்று யோசிக்கவில்லை. நானா வந்துபோனவர்களிடமெல்லாம், “என்ட தங்கச்சி கம்பஸ்ல படிக்கிற கணக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் இறால்கள் கரைக்கு வரத் தொடங்கின. முதலில் பத்து, இருபது. பிறகு கரை முழுக்க மீசையும் கண்ணுமாக மேலே மிதந்தன. அடியில் கிடக்க வேண்டியவை பகலில் மேலே வந்தால் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். நானா கரையோரம் ஓடி வந்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு குளத்துக்குள் இறங்கினேன். இடுப்பளவில் தண்ணீர் குளிர்ந்தது. பாதத்தில் சுட்டது. கரையில் கிடந்த ஒரு போத்தலை வாய் மூடியபடி அடிவரை கொண்டுபோய்த் திறந்து நிரப்பினேன். கருவி காட்டியது நாற்பத்து நான்கு.

நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது. மேலே மிதந்து, வந்தபடியே மதகால் வழிந்து போய்விட்டது. உப்புத் தண்ணீர் அடியிலேயே காற்றுப் படாமல் வெயிலில் கொதித்துக்கொண்டு கிடந்தது. புத்தகத்தில் அந்தக் கணக்கு வரும்போதெல்லாம், கரைசல் எப்போதும் நன்றாகக் கலந்திருப்பதாகக் கொள்க என்று ஒரு வரி இருக்கும். இலக்கம் இல்லாத வரி என்று நான் தாண்டிப் போய்விடுவேன்.

“நானா, பம்பை நிப்பாட்டுங்க. சக்கரத்தப் போடுங்க. பிழை என்ட.”

சக்கரங்கள் சுழன்று, இறால்கள் மறுபடி அடிக்கு இறங்கும்போது பொழுதுபட்டு மஃரிப் ஆகிவிட்டது. இரண்டு கூடை செத்த இறாலை நானாவும் நானும் அள்ளினோம். அப்போதுதான் பரீட்சையில் ஃபெயிலான கதையையும் சொன்னேன். இப்படி ஒருத்தியை நம்பி குளத்தை விட்டீர்களே என்று அழுதேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை தேத்தண்ணியோடு என் கணக்குக் கொப்பியையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“இண்டைக்கு ஒரு பம்பும் சக்கரமும்தான். எத்தின மணித்தியாலம் எண்டு பார்த்துச் சொல்லு.”

“நேத்து நடந்த பிறகுமா நானா?”

“ஓம். பிழை எங்க எண்டு இப்ப தெரிஞ்சவ நீ மட்டும்தானே.”

கொப்பியைத் திறந்து எழுதினேன். கலந்த தண்ணீரின் உப்பு நாற்பத்திரண்டு, ஒரு பம்பு, பதினாறு மணித்தியாலம். இரண்டு பகலாகப் பிரித்து இறைத்தோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மேலேயும் அடியிலேயும் அள்ளிப் பார்த்தேன். இரண்டும் ஒரே இலக்கம். நான் வரைந்த வளைகோட்டின் மேலேயே ஒவ்வொரு புள்ளியும் வந்து உட்கார்ந்தது. மிச்ச இறால் மூன்று கிழமையில் நல்லபடியாகப் பிடிபட்டது.

பரீட்சையில் தாங்கிக் கணக்கு வரவே இல்லை. வேறு ஏதோ சுருள்வில் கணக்கு வந்தது. எழுதுமுன் எவை எவை உண்மை என்று கொள்ளச் சொல்கிறார்கள் என ஒவ்வொன்றாக வாசித்தேன். சித்தியடைந்தேன்.

இன்று உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். கணக்கைப் பிழைவிட்டு முகம் தொங்கிப்போய் நிற்கும் பிள்ளைக்கு அடுத்த கணக்கைக் கொடுக்கும்போதெல்லாம், நம்பிக்கை என்பது பிழைக்குப் பிறகும் ஒருவர் நம்மிடம் வந்து கேட்கும் இன்னொரு கேள்விதான் என்று எனக்குத் தோன்றும்.